சிதறிப்போன கிரேக்க பைபிள் ஏடுகளை அடையாளம் காண்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏடு என்றால் பனையோலையா?

இல்லை. தமிழில் ஏடு என்றதும் ஓலைதான் மனதில் வரும், ஆனால் இங்கே பேசுவது ஆட்டுத்தோலிலோ கன்றுத்தோலிலோ பதப்படுத்தி எடுத்த தாளைப் பற்றி, அதாவது பார்ச்மெண்ட். 13-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு காகிதமும் நிறைய வருகிறது. நான்கு தோல்களை மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் எட்டு ஏடுகள் கொண்ட ஒரு மடிப்பு கிடைக்கும். இப்படிப் பல மடிப்புகளைத் தைத்தால் புத்தகம். இந்த எட்டு என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு புத்தகத்தின் ஏடுகள் ஏன் ஊர் ஊராகக் கிடக்கின்றன?

முதல் காரணம், பழசானதும் மடங்களிலேயே பிரித்துவிட்டார்கள். தோல் விலை உயர்ந்த பொருள், தூக்கிப்போட மனம் வராது, வேறு புத்தகத்துக்கு அட்டை கட்டும்போது உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்கள். இல்லையென்றால் மையைச் சுரண்டிவிட்டு மேலே வேறு எதையாவது எழுதுவார்கள். இரண்டாவது, 19-ஆம் நூற்றாண்டில் கிழக்கு மடங்களுக்குப் போன ஐரோப்பிய, ரஷ்ய அறிஞர்கள். சிலர் கேட்டு வாங்கினார்கள், சிலர் காசு கொடுத்தார்கள், சிலர் என்ன செய்தார்கள் என்பதில் இன்றைக்கும் சண்டை ஓடுகிறது. ஜெர்மானிய அறிஞர் டிஷெண்டார்ஃப் 1844-இல் சினாய் மலையின் புனித கத்தரீனா மடத்திலிருந்து 43 ஏடுகளை ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குக் கொண்டுபோனார், 1859-இல் 347 ஏடுகளை ரஷ்யாவுக்கு. அந்த 347-ஐ சோவியத் அரசு 1933-இல் ஒரு லட்சம் பவுண்டுக்கு பிரிட்டனுக்கு விற்றது. 1975-இல் அதே மடத்தில், அடைபட்டுக் கிடந்த ஓர் அறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய பிரதிகளும் துண்டுகளும் கிடைத்தபோது இதே புத்தகத்தின் ஏடுகள் மேலும் சில வந்தன. சினாய் கோடெக்ஸ் என்கிற ஒரே புத்தகம் இன்று லண்டன், லைப்சிக், சினாய், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று நான்கு இடத்தில் இருப்பது இப்படித்தான்.

மூன்றாவது காரணம் வியாபாரம். முழுப் புத்தகத்தை ஒருவருக்கு விற்பதைவிட ஏடு ஏடாகக் கிழித்து நூறு பேருக்கு விற்றால் லாபம் அதிகம். அமெரிக்காவில் ஓட்டோ ஈகே என்பவர் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இடைக்கால லத்தீன் நூல்களைப் பிரித்துப் பெட்டி பெட்டியாக விற்றார். கிரேக்க நூல்களில் முதலில் காணாமல்போவது சுவிசேஷகர் ஓவியம் உள்ள ஏடு. அது பெரும்பாலும் தனித் தோலில் வரைந்து செருகப்பட்டது, உருவுவது சுலபம்.

கிரேக்கம் தெரியாமல் இதைச் செய்ய முடியுமா?

எழுத்தாவது தெரிய வேண்டும். மொழி தெரிந்தால் நல்லது, ஆனால் பலரும் எழுத்தைக் கற்றுக்கொண்டு ஒரு வரியைத் தட்டச்சு செய்து தேடித்தான் ஆரம்பிக்கிறார்கள். முதல் வாரம் உங்களைத் தடுமாற வைப்பது மூன்று விஷயங்கள்.

ஒன்று, சொற்களுக்கு நடுவே ஒழுங்கான இடைவெளி கிடையாது. இரண்டு, புனிதப் பெயர்களைச் சுருக்கி எழுதி மேலே ஒரு கோடு போடுவார்கள். தேயோஸ், அதாவது கடவுள், என்றால் தீட்டா, சிக்மா இரண்டு எழுத்துதான், நடுவே எதுவும் இல்லை. ஆண்டவர், இயேசு, கிறிஸ்து, ஆவி, மனிதன், வானம், தாவீது, எருசலேம் எல்லாமே இப்படித்தான். இதைத் தெரியாமல் அச்சடித்த பைபிளோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் ஒன்றுமே பொருந்தாது.

மூன்றாவது, எழுத்துப்பிழை. இடைக்காலத்தில் ஈட்டா, அயோட்டா, உப்சிலோன், எப்சிலோனும் அயோட்டாவும் சேர்ந்தது, இவை எல்லாமே உச்சரிப்பில் 'இ' ஆகிவிட்டன. நாம் பள்ளிக்கூடத்தில் ழ, ள, ல மூன்றிலும் குழம்பிய மாதிரி எழுத்தர்களும் குழம்பினார்கள், என்ன, அவர்கள் குழப்பத்தில் அர்த்தமே மாறும். 'நாங்கள்', 'நீங்கள்' என்பதற்கான கிரேக்கச் சொற்கள் இரண்டும் காதுக்கு 'இமிஸ்' என்றே கேட்கும். ஆகவே தேடும்போது ஒரு நீண்ட வரியை அப்படியே போடாதீர்கள். பிழைக்கு இடமில்லாத மெய்யெழுத்துகள் நிறைந்த ஒரு சொல்லையும், அடுத்த வரியில் இன்னொன்றையும் சேர்த்துத் தேடுங்கள்.

சரி, கையில் ஒரு ஏட்டின் படம் இருக்கிறது. என்ன வசனம் என்று எப்படிப் பிடிப்பது?

ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். நடுவே 'ஹோ அனகினோஸ்கோன் நொஎய்தோ' என்று தெளிவாக வாசிக்க முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "வாசிக்கிறவன் சிந்திக்கக்கடவன்" என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் வருகிறதே, அதுதான். அப்படியானால் மத்தேயு 24:15 அல்லது மாற்கு 13:14. லூக்கா இதே பேச்சைச் சொல்கிற இடத்தில் இந்த வாக்கியம் இல்லை, அவரை விட்டுவிடலாம்.

இப்போது மத்தேயுவா மாற்கா? பழைய பிரதிகளை ஒப்பிட்டு அச்சிட்ட இன்றைய ஆய்வுப் பதிப்பை வைத்துப் பார்ப்பவர், வசனத்தில் தானியேல் தீர்க்கதரிசியின் பெயர் இருந்தால் மத்தேயு, இல்லையென்றால் மாற்கு என்று சொல்லிவிடுவார். அங்கேதான் சறுக்கல். ஆய்வுப் பதிப்பின் மாற்கில் தானியேல் இல்லை என்பது உண்மை, ஆனால் இடைக்காலத்தின் பெரும்பான்மைப் பிரதிகள் மாற்கிலும் தானியேலைச் சேர்த்துத்தான் எழுதின. ஆகவே பெயரைப் பார்க்காமல் அதற்கு முன்னால் வரும் சின்னச் சொல்லைப் பாருங்கள். மத்தேயுவில் 'தியா' தானியேல், மாற்கில் 'ஹுபோ' தானியேல். அடுத்து 'பரிசுத்த ஸ்தலத்தில்' என்று வந்தால் மத்தேயு, 'நிற்கத்தகாத இடத்திலே' என்று வந்தால் மாற்கு. வாக்கியத்தின் தொடக்கம் கிடைத்தால் இன்னும் நல்லது, மத்தேயுவில் 'ஹொடான் ஊன்', மாற்கில் 'ஹொடான் தே'.

இன்னொரு குறுக்கு வழி ஓரத்தில் இருக்கிறது. சுவிசேஷப் பிரதிகளில் இடது ஓரமாகப் பிரிவு எண்களை எழுத்துகளால் குறித்திருப்பார்கள்: ரோ என்றால் 100, சிக்மா 200, டௌ 300. மத்தேயுவில் இந்த எண் 355 வரை போகும், லூக்காவில் 342 வரை, யோவானில் 232 வரை, மாற்கில் 233-இலோ கொஞ்சம் தள்ளியோ நின்றுவிடும். டௌவில் தொடங்கும் எண் கண்ணில் பட்டால் மாற்கும் யோவானும் கழிந்தன. மேல் ஓரத்தில் அத்தியாயத் தலைப்பு இருந்தால் இவ்வளவு சிரமமே வேண்டாம்.

வசனம் பொருந்திவிட்டது. அப்படியென்றால் அது பைபிள் ஏடுதானே?

அவசரப்படாதீர்கள், நான் இதில் ஒருமுறை நன்றாக ஏமாந்திருக்கிறேன். மத்தேயு வசனம் நான்கு வரி அழகாகப் பொருந்தியது, ஐந்தாவது வரியிலிருந்து எதுவுமே பொருந்தவில்லை. எழுத்தரின் பிழை, எங்கும் இல்லாத பாடபேதம் என்றெல்லாம் கற்பனை ஓடியது. கடைசியில் அது பழைய திருச்சபைப் பிரசங்கியான யோவான் கிறிசோஸ்தோமின் மத்தேயு பிரசங்கம். பிரசங்கத்தில் வசனம் வரத்தானே செய்யும்? ஓரத்தில் வரிக்கு வரி அம்பு மூக்கு மாதிரி ஒரு குறி இருந்தது, மேற்கோள் என்று காட்டுவதற்காக எழுத்தர் போட்டது. அதை நான் அலங்காரம் என்று நினைத்துவிட்டேன்.

இன்னொரு வகை வாசகநூல். ஆராதனையில் நாளுக்கு நாள் வாசிக்கும் பகுதிகளை அந்த வரிசையிலேயே எழுதிய புத்தகம் இது. ஆண்டு ஈஸ்டரில் தொடங்கும், முதலில் யோவான். 'அக்காலத்தில்' என்ற பொருளில் 'டோ கைரோ எக்கேய்னோ' என்று ஒரு பகுதி தொடங்கினால், அல்லது யோவான் முடிந்த இடத்திலேயே மத்தேயு ஆரம்பித்தால், வாசகநூல்தான். வரிகளின் மேலும் கீழும் சிவப்பு மையில் கொக்கி கொக்கியாக ராகக்குறிகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஓரத்தில் 'அர்க்கே', 'டெலோஸ்', அதாவது தொடக்கம், முடிவு என்று மட்டும் குறித்திருந்தால் அது சாதாரண சுவிசேஷப் புத்தகமாகவும் இருக்கலாம், வாசிப்பவர் வசதிக்காகக் குறித்தது.

புதிய ஏற்பாட்டில் எங்குமே பொருந்தாவிட்டால் அடுத்து பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் தேடுங்கள். பழைய ஏற்பாட்டில் அதிகமாகப் படியெடுக்கப்பட்டது அதுதான்.

எந்தப் புத்தகத்திலிருந்து பிரிந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. வசனம் கண்டுபிடிக்க ஒரு மாலை நேரம் போதும், புத்தகம் கண்டுபிடிக்க வருடக்கணக்காகலாம். இதில் தீர்ப்புச் சொல்வது எண்ணிக்கைதான், அழகான எழுத்தோ ஓவியமோ அந்த அளவுக்கு உதவாது.

முதலில் அளவுகள். பக்கத்துக்கு எத்தனை பத்தி, எத்தனை வரி, வரிக்குச் சராசரி எத்தனை எழுத்து, எழுத்துப் பரப்பின் உயரம் அகலம் எத்தனை மில்லிமீட்டர். தாளின் வெளி அளவை நம்பவேண்டாம், அட்டை கட்டும் ஒவ்வொரு முறையும் ஓரத்தை வெட்டியிருப்பார்கள். எழுத்துப் பரப்பை யாரும் வெட்ட மாட்டார்கள்.

அப்புறம் கோடுகள். எழுதுவதற்கு முன் கூர்மையான கருவியால் தோலில் மையில்லாமல் கோடு கிழிப்பார்கள். எத்தனை நெடுங்கோடு, இரட்டையா ஒற்றையா, மேல் ஓரம் வரை ஓடுகிறதா என்று பார்த்து வகை பிரிக்கவே அறிஞர்கள் பட்டியல் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சு அறிஞர் ஜூலியன் லெரோயின் வேலை அது. ஏலப் படங்களில் இந்தக் கோடு பெரும்பாலும் தெரியாது, பக்கவாட்டில் விளக்கு வைத்தால்தான் எழும்பும்.

இப்போது கணக்கு. உங்கள் ஏட்டில் பக்கத்துக்கு 24 வரி, வரிக்கு 26 எழுத்து என்றால் பக்கத்துக்கு 624, ஏட்டுக்கு 1,248. ஏதோ ஒரு நூலகத்தில் இதே அளவுள்ள சுவிசேஷப் பிரதி இருக்கிறது, அதில் ஓரிடத்தில் உரை அறுந்து சுமார் 2,500 எழுத்து தள்ளி மறுபடி தொடங்குகிறது. இரண்டு ஏடு போயிருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு ஏடு ஒன்றாகப் போனால், பெரும்பாலும் மடிப்பின் நட்ட நடுத் தோல், அதாவது நான்காவதும் ஐந்தாவதும். மூன்றாவது ஏடு போயிருந்தால் அதோடு ஒட்டியிருந்த ஆறாவதும் தளர்ந்து விழுந்திருக்க வாய்ப்பு அதிகம், அப்போது நடுவே இரண்டு ஏடு விட்டு இரண்டு இடைவெளிகள் இருக்கும். உங்கள் ஏட்டின் முதல் சொல், அந்தப் புத்தகத்தில் அறுந்த சொல்லின் மீதிப் பாதியாக வந்து உட்கார்ந்தால், அந்த நிமிடத்துக்காகத்தான் இவ்வளவும்.

அதற்கும் மேல் உறுதி வேண்டுமென்றால் தோலைப் பாருங்கள். முடியிருந்த பக்கம் மஞ்சளாக, மயிர்க்கால் புள்ளிகளோடு இருக்கும், சதைப்பக்கம் வெளுப்பாக இருக்கும். சதைப்பக்கத்தில் மை உதிர்வது கிரேக்கப் பிரதிகளின் தீராத நோய். புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே நிறமாக இருக்கும்படி அடுக்குவார்கள், முடிக்கு முடி, சதைக்குச் சதை. 1885-இல் இந்த ஒழுங்கைக் கவனித்துச் சொன்னவர் பைபிள் பிரதிகளை ஆராய்ந்த காஸ்பர் ரெனே கிரெகோரி. உங்கள் ஏட்டைச் செருகினால் முடிப்பக்கம் சதைப்பக்கத்தைப் பார்க்கிறது என்றால் எங்கோ கணக்கு தப்பு. புழு அரித்த ஓட்டை, தண்ணீர்க் கறை, தையல் துளை, இவையும் பக்கத்து ஏட்டோடு பொருந்த வேண்டும். புழுவுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

கையெழுத்து அப்படியே ஒன்றாக இருக்கிறதே, அது போதாதா?

போதாது. கான்ஸ்டான்டினோப்பிளில் பயிற்சி பெற்ற எழுத்தர்கள் ஒரே பாணியில் எழுதப் பழகியவர்கள். 11-ஆம் நூற்றாண்டின் முத்து முத்தான எழுத்தை இரண்டு பேர் எழுதினால் பிரித்துச் சொல்ல நிபுணர்களே திணறுவார்கள். தேர்ந்தவர்களுக்கும் இந்த விவகாரம் முடிவதில்லை. ஆக்ஸ்ஃபோர்டிலும் பார்சிலோனாவிலும் உள்ள மத்தேயு பப்பைரஸ் (நாணல் தாள்) துண்டுகள் ஒரே நூல் என்பதில் சண்டை இல்லை, பாரிஸில் உள்ள லூக்கா துண்டும் அதே நூல்தான் என்று பிரிட்டிஷ் அறிஞர் ஸ்கீட் 1997-இல் வாதாடியபோது மற்றவர்கள் மறுத்தார்கள், இன்னும் தீரவில்லை.

வயது எப்படிச் சொல்கிறார்கள்?

பெரும்பாலும் எழுத்தின் பாணியை வைத்து, ஐம்பது வருடம் முன்னேயோ பின்னேயோ. இதைவிடத் துல்லியமாக யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள். பெரிய எழுத்தில் எழுதும் வழக்கம் 9-ஆம் நூற்றாண்டில் சின்ன, சேர்த்தெழுதும் எழுத்துக்கு மாறியது, பத்தாம் நூற்றாண்டிலிருந்து எழுத்துகள் கோட்டின்மேல் உட்காராமல் கோட்டிலிருந்து தொங்க ஆரம்பித்தன. எழுத்தரே கடைசிப் பக்கத்தில் தேதி எழுதியிருந்தால் அதிர்ஷ்டம். உலகம் படைக்கப்பட்டதிலிருந்து ஆண்டு எண்ணுவார்கள், 5508-ஐக் கழித்தால் நம் ஆண்டு. தேதி தெரிந்தவற்றில் மிகப் பழைய சிற்றெழுத்துப் பிரதியான உஸ்பென்ஸ்கி சுவிசேஷத்தில் 6343 என்று இருக்கிறது, கழித்தால் 835. செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான தேதியென்றால் 5509-ஐக் கழிக்க வேண்டும், அவர்களுக்குப் புத்தாண்டு செப்டம்பர் 1.

பட்டியல்களில் 070, 461 என்று எண் வருகிறதே, அது என்ன?

கிரெகோரி தொடங்கி, ஜெர்மானிய அறிஞர் குர்ட் ஆலாண்டும் ஜெர்மனியின் மூன்ஸ்டர் ஆய்வு நிறுவனமும் தொடர்ந்த எண்கள். பூஜ்யத்தில் தொடங்கினால் பெரிய எழுத்துப் பிரதி, வெறும் எண் சிற்றெழுத்து, பப்பைரஸுக்கும் வாசகநூலுக்கும் தனி அடையாளம். ஒவ்வொரு ஏடும் கிடைத்த இடத்தில் ஒவ்வோர் எண் வாங்கிக்கொண்டதால் ஒரே புத்தகத்துக்குப் பல எண். கிரேக்கமும் எகிப்தியக் கிறிஸ்தவர்களின் மொழியான காப்டிக்கும் கலந்த 070-ஐப் பாருங்கள்: 0110, 0124, 0178, 0179, 0180, 0190, 0191, 0193, 0194, 0202 எல்லாமே அதுதான். புதிய ஏற்பாட்டுக்கு ஐயாயிரத்துச் சொச்சம் கிரேக்கப் பிரதிகள் உண்டு என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த மாதிரி இரட்டிப்புகளைச் சொல்வதே இல்லை.

நன்றாகச் சேர்த்துவைத்த உதாரணம் ஏதாவது?

பகட்டானது வேண்டுமென்றால் 022. ஆறாம் நூற்றாண்டு, ஊதாச் சாயம் ஏற்றிய தோலில் வெள்ளி எழுத்து, புனிதப் பெயர்கள் மட்டும் பொன்னில். இன்று தெரிந்த 231 ஏடுகளில் 182 செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், 33 பட்மோஸ் தீவில், 6 வத்திக்கானில், 4 லண்டனில், 2 வியன்னாவில், நியூயார்க், ஏதென்ஸ், தெசலோனிக்கி, இத்தாலியின் லெர்மா ஆகியவற்றில் ஒவ்வொன்று. ஊதாத் தோலும் வெள்ளி மையும் ஆயிரத்தில் ஒன்று என்பதால் இதைச் சேர்ப்பது ஒப்பீட்டளவில் சுலபம்.

எனக்குப் பிடித்தது 015. பவுலின் நிருபங்கள், இதுவும் ஆறாம் நூற்றாண்டு. கிரேக்கத்தின் அதோஸ் மலையில் உள்ள பெரிய லாவ்ரா மடத்தில் இதைப் பிரித்து மற்றப் புத்தகங்களுக்கு அட்டை கட்டப் பயன்படுத்திவிட்டார்கள். மிஞ்சிய 41 ஏடுகளில் 22 பாரிஸில், 8 லாவ்ராவிலேயே, மீதி கீவ், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், மாஸ்கோ, டூரின் நகரங்களில். பாலஸ்தீனத்தின் செசரியாவில் பம்ஃபிலஸ் என்ற பழைய அறிஞர் தன் கையால் எழுதிய பிரதியோடு ஒப்பிட்டது என்று அதன் முடிவுரை சொல்கிறது. இதில் அற்புதம் என்னவென்றால், பின்னால் யாரோ மங்கிய எழுத்துகள்மேல் மறுபடி மை பூசினார்கள், அந்த மை எதிர்ப்பக்கத்தில் ஒற்றிக்கொண்டது. எதிர்ப்பக்கம் இருந்த ஏடு தொலைந்தே போனாலும் அதன் எழுத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி, மிஞ்சிய ஏட்டில் இருக்கிறது. இல்லாத பக்கத்தைச் சிலர் பொறுமையாக வாசித்தும் எடுத்தார்கள். அன்றிலிருந்து எந்த ஏட்டைப் பார்த்தாலும் வெற்று ஓரங்களில் ஒற்றிய கறை இருக்கிறதா என்று ஜூம் செய்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

ஒரு ஏடு வாங்கி வீட்டில் சட்டம் போட்டு மாட்டலாமா?

என் கருத்து, வேண்டாம். நீங்கள் கொடுக்கும் பணம் அடுத்த புத்தகத்தைக் கிழிக்கக் கூலி. அது போக, திருட்டுச் சரக்காக இருக்கலாம். அதோஸின் டியோனிசியூ மடத்திலிருந்து காணாமல்போன 1133-ஆம் ஆண்டுப் புதிய ஏற்பாட்டை அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகம் 1983-இல் வாங்கி, 2014-இல் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. முதல் உலகப்போரின்போது, 1917-இல், வடகிரேக்கத்தின் கோசினிட்சா மடத்திலிருந்து பறிக்கப்பட்ட 1424 என்ற பிரதி சிகாகோவிலிருந்து திரும்பியது 2016-இல். அவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கே இந்தக் கதி.

ஏடு ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது, அல்லது எங்கள் நூலகத்தில் இருக்கிறது. என்ன செய்வது?

சட்டத்திலிருந்து எடுத்து இரண்டு பக்கமும் படம் பிடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அனுப்புகிறவர்களால்தான் பாதி நேரம் வீணாகிறது. பக்கத்தில் அளவுகோல் வையுங்கள், நேர் வெளிச்சத்தில் ஒரு படம், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம். தையல் இருந்த ஓரம் இடப்பக்கம் வரும்படி வைத்தால் முன்பக்கம், அதில்தான் உரை முதலில் வரும். பின்னால் ஒட்டிய சீட்டு, பென்சில் எண், பழைய விலை எதையும் அழிக்காதீர்கள், பல சமயம் அந்தப் பென்சில் எண்தான் எந்த வியாபாரி கையில் இருந்தது என்று காட்டிக்கொடுக்கும். மேலே சொன்ன அளவுகளை எழுதி, மூன்ஸ்டர் நிறுவனத்தின் இணையத் தளத்தில் அதே வரி எண்ணிக்கையும் பத்தி எண்ணிக்கையும் உள்ள பிரதிகளைத் தேடுங்கள். அங்கே பிடிபடாவிட்டால் படங்களோடு அவர்களுக்கே எழுதுங்கள். முதல் சொல், கடைசிச் சொல் இரண்டையும் மடலிலேயே தட்டச்சு செய்துவிடுங்கள், தொடக்கத்தில் பாதியாக அறுந்த சொல் என்றால் அறுந்தபடியே.